பங்காளி வண்டியில் பசுபதிநாதருக்கு

செட்டிநாட்டில் வெளிநாட்டுப் பயணம் என்பது சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சங்கதி. எங்கள் பள்ளத்தூரில் பெரிய வீடு எதன் முகப்பில் ஏறினாலும் பர்மாத் தேக்குத் தூணைத் தொட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். ரங்கூன், பினாங்கு, ஈப்போ, கொழும்பு என்று ஊர்ப்பெயர்கள் எல்லாம் பக்கத்துத் தெருவைப் போலப் புழங்கிய வீடுகள். ஆனால் போனவர்கள் எல்லாரும் தண்ணீர் வழியாகத்தான் போனார்கள். ரங்கூனுக்குச் சென்னையிலிருந்து கப்பல். மலாயாவுக்கு நாகப்பட்டினத்தில் ராஜுலா என்ற கப்பல். இலங்கைக்குத் தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குப் படகு. அதுவும் 1964 புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போகும்வரை.

எங்கள் வகையில் சாலை வழியாக நாட்டு எல்லையைத் தாண்டியவர் ஒருவர்தான். ஐயாவின், அதாவது தாத்தாவின், தம்பி. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பர்மா எல்லையூரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தவர். சாவி ஊருக்கு வந்தது, கடை வரவில்லை. அந்த மனிதர் கடைசிவரை செருப்பில்லாமல் வாசலில்கூட இறங்க மாட்டார்.

அதனால், பழைய அம்பாஸடரில் எங்காவது வெளிநாட்டுக்குப் போய் வரலாம் என்று அக்காவின் கணவரான அத்தானும் நானும் பேச ஆரம்பித்தபோது முதலில் வாயில் வந்தது பர்மாதான். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியாமல் போய், அடமான நிலம் வந்து சேர்ந்த கதை அது. இரு தரப்புக்கும் நல்ல கதை அல்ல. அதற்கு முன் 1930இல் அந்தப் பங்கு ஆறு சதவீதம்தான். எப்படியும் அந்த மண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் இருந்தது. மணிப்பூர் எல்லையில் இருக்கும் மோரேயில் இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள்; 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், அங்காள பரமேசுவரிக்குக் கோயில் கட்டிக் குடியிருப்பவர்கள். அங்கே தங்கி, பாலத்தைத் தாண்டித் தமு, மண்டலே என்று அத்தான் வரைபடத்தில் கோடு போட்டுவிட்டார். 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கோடு வரைபடத்தோடு நின்றுவிட்டது.

மீதி இருந்தது நேபாளம். இந்தியப் பதிவெண்ணுள்ள வண்டியைப் பெரிய சிக்கலில்லாமல் உள்ளே விடும் அண்டை நாடு. வேறு பல நாடுகள் என்றால் வண்டிக்குக் கார்னே என்ற ஜாமீன் பத்திரம் எடுத்து, வண்டியின் மதிப்புக்கு ஏற்பப் பணம் கட்டி வைக்க வேண்டும். நேபாளத்துக்கு அது வேண்டியதில்லை. வழியில் காசி. காசியில் எங்கள் நகரத்தார் சத்திரம். இதற்கு மேல் அத்தானுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1986ஆம் ஆண்டு அம்பாஸடர் மார்க் 4. பெட்ரோல், 1489 சிசி, ஸ்டியரிங் தண்டிலேயே கை கியர், முன்னால் ஒரே நீள சீட். அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) பதிந்து வைத்துக் காத்திருந்து வாங்கியது. அடிப்படையில் 1950களின் ஆங்கிலேய மாரிஸ் ஆக்ஸ்போர்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைக் கல்கத்தா அருகே உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே வரை செய்துகொண்டே இருந்தது. அம்பாஸடரைப் பற்றிக் கண்ணீர் மல்க எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கனத்த ஸ்டியரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மழை பெய்தால் கால்மாட்டில் தண்ணீர். நல்ல வண்டி என்றால் வேறு போட்டி வந்ததும் சனங்கள் ஏன் கைகழுவினார்கள்? எங்கள் வண்டியை நான் எடுத்துப் போனது அது இருந்ததால். இரண்டாவது காரணம், அது யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செட்டிநாட்டு வீடு ஒருவர் பெயரில் இருப்பது அபூர்வம். புள்ளி, அதாவது தலைக்கட்டு, கணக்கில் பங்கு. ஒரு ஓடு மாற்ற வேண்டும் என்றாலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்பவர்களைக் கேட்டாக வேண்டும். அப்பச்சி போன பிறகு வண்டியும் அந்த வழியிலேயே போயிற்று. ஷெட்டில் நின்றது, கல்யாணம் காட்சிக்கு எடுத்தார்கள், பேட்டரி மாற்றும் செலவை யாராவது ஏற்றார்கள். ஆர்சி புத்தகத்தில் மட்டும் அப்பச்சி உயிரோடு இருந்தார். உள்ளூரில் அது பிரச்சினையே இல்லை. வெளிநாட்டு எல்லையில் நின்று, வண்டிச் சொந்தக்காரர் சிவபதவி அடைந்துவிட்டார் என்று சொல்ல முடியாது.

எனவே வாரிசுச் சான்றிதழ். படிவம் 31. இதர வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று தனித்தனியாக எழுதித் தரும் உறுதிமொழி. தேவகோட்டையில் இருக்கும் ஆச்சி, அதாவது அக்கா, கேட்டவுடன் கையெழுத்துப் போட்டார்கள், அத்தான் வரும் பயணம் ஆயிற்றே. சென்னைத் தம்பி, "ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கும் பங்கு உண்டு" என்று சொல்லிவிட்டுப் போட்டான். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் அங்கே இந்தியத் தூதரகத்துக்குப் போய் அத்தாட்சி பெற்றுக் கூரியரில் அனுப்பினார். கூடவே ஒரு கடிதம், வண்டியின் பின்சீட்டில் அவர் சின்ன வயதில் பேனாவால் எழுதிய எழுத்தை அழித்துவிடக் கூடாது என்று. கோயம்புத்தூர்த் தங்கைதான் இழுத்தடித்தாள். வண்டி மேல் ஆசை இல்லை. "எல்லாரும் என்னிடம் கடைசியில்தான் கேட்கிறீர்கள்" என்ற வருத்தம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

பதிவு அலுவலகத்தில் வேறு கதை. 1989க்கு முந்தைய வண்டிகளுக்கு மாநிலக் குறியீடும் மாவட்ட எண்ணும் கிடையாது. மூன்று ஆங்கில எழுத்து, நான்கு எண், அவ்வளவுதான். கணினியில் பழைய பதிவேட்டை ஏற்றும்போது எங்கள் வண்டி விடுபட்டிருந்தது. முதலில் அதைப் பதிவேட்டில் பிறக்க வைத்து, பிறகு பெயர் மாற்றி, தகுதிச் சான்று பார்த்து, பசுமை வரி கட்டி முடித்தோம். 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. அத்தான் கணக்கு நோட்டில் பயணச் செலவின் முதல் வரி அதுதான். இவ்வளவும் முடித்த வண்டி சட்டப்படி காத்மாண்டுவுக்குப் போகலாம், டில்லிக்குப் போக முடியாது. 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தலைநகர்ப் பகுதியில் தடை. நம் தலைநகரம் வேண்டாம் என்பதைப் பக்கத்து நாட்டுத் தலைநகரம் வா என்கிறது.

காப்பீட்டை மறந்துவிடக் கூடாது. இந்திய மோட்டார் பாலிசி இந்திய எல்லைக்குள்தான் செல்லும். ஆனால் நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளுக்குப் புவியியல் எல்லை நீட்டிப்பு என்று ஓர் இணைப்பு உண்டு, சிறிய கூடுதல் தொகைக்கு எழுதித் தருவார்கள். எங்கள் ஏஜெண்ட் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கேட்டு வாங்குங்கள்.

இனி பாய். காரைக்குடியில் அம்பாஸடருக்குக் கை வைக்கத் தெரிந்தவர்களில் மூத்தவர். அப்பச்சி காலத்திலிருந்தே இந்த வண்டியைப் பார்ப்பவர். ஷெட்டில் அவருக்கு ஒரு தனி ஸ்டூல் உண்டு.

"பாய், நேபாளம் போகுமா?"

"போய்விடும் செட்டியாரே. திரும்பி வருவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்."

ரேடியேட்டரை இறக்கி மேல்தட்டைப் பிரித்துக் குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குடைந்தார். வெளியே வந்தது காபித்தூள் நிறத்தில் ஒரு படி வண்டல். எங்கள் பகுதி உப்புத் தண்ணீரை வருடக்கணக்காக ஊற்றியதன் பலன். அதைக் காகிதத்தில் கொட்டி, குழந்தைக்குக் காட்டுவது போல் எனக்குக் காட்டினார். வாட்டர் பம்ப், ஹோஸ், பெல்ட் எல்லாம் புதிது. பிரேக்குக்கு நான்கு சக்கரத்திலும் சிலிண்டர் கிட். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னை மாற்றி கிரீஸ் அடித்தார். பெட்ரோல் லைன் ரப்பர் அத்தனையும் மாற்றியாக வேண்டும் என்றதற்கு நான் தயங்கினேன். அது நன்றாகத்தானே இருந்தது. அவர் ஒரு துண்டை மடக்கிக் காட்டினார், மொறுக்கென்று வெடித்தது. அப்போது எல்லாப் பங்க்கிலும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால், இப்போது 20. இந்த வண்டி செய்த காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது. இறுகும், வெடிக்கும், பம்ப்பின் டயஃப்ரம் ஊறிப் போகும். எத்தனால் ஈரத்தை வேறு இழுக்கும், நின்ற வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் சேரும். இன்ஜின் தலையை முன்பே ஒருமுறை பிரித்து வால்வு உட்காரும் இடத்தில் கடின வளையம் போட்டிருந்தார். 2000த்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது, அந்த ஈயம்தான் பழைய வால்வுகளுக்குக் காப்பாக இருந்தது.

கூடவே ஒரு தகரப் பெட்டி. அதில் பாயிண்ட், கண்டன்சர், காயில், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பெல்ட், பம்ப் கிட், ஃபியூஸ் கம்பி, உப்புத்தாள். பெட்டிக்குள் எந்தப் பொருள் எந்தப் பக்கம் என்று தமிழில் எழுதி மூடியில் ஒட்டியிருந்தார். அதே அளவில் இன்னொரு தகரப் பெட்டியை ஆச்சி கட்டிக் கொடுத்தார்கள். அதில் சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை. இரண்டு பெட்டியும் ஒரே கடையில் வாங்கியவை என்பதால் வழியெங்கும் தவறான பெட்டியே முதலில் திறந்தது.

2023 மகா சிவராத்திரிக்குப் பின் புறப்பட்டோம். கங்கைச் சமவெளியில் பனிமூட்டம் விலகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, நேபாள மலைகளில் மழைக்காலச் சரிவுகள் தொடங்கியிருக்காது. காரைக்குடியிலிருந்து திருச்சி, சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரேவா, காசி. ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். இப்போது சாலை எண்கள் மாறிவிட்டன. எங்கள் தலைமுறைக்குச் சேலத்திலிருந்து காசிவரை இது ஒரே சாலை, என்.எச். 7, காசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் பழைய நெடுஞ்சாலை. காசி யாத்திரை போனவர்களின் தடத்தில்தான் அதைப் போட்டிருப்பார்கள் என்று அத்தான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மறுக்கவில்லை, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மறுக்க ஆரம்பித்தால் பேச்சு நாக்பூர்வரை இழுக்கும்.

அறுபது. அதற்கு மேல் பாய் தடை போட்டிருந்தார். நான்குவழிச் சாலையில் அறுபதில் போகிறவனை லாரிக்காரர்கள்கூடப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த வேகத்தில் ஊர்ப்பலகை எல்லாம் படிக்க முடிகிறது. பேஞ்ச் புலிக்காப்பகத்தின் நடுவே போகும் பகுதியில் சாலையைத் தூக்கிக் கட்டி, விலங்குகள் அடியில் கடக்க வழி விட்டிருப்பதை நிதானமாகப் பார்த்தோம். மேலே நாங்கள், கீழே புலி. யாருக்கும் யாராலும் தொந்தரவில்லை.

அதற்கு முன், அடிலாபாத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சுங்கச்சாவடி. மதிய நேரம், நீண்ட வரிசை. பாஸ்டேக் ஸ்கேன் ஆகித் தடுப்பு தூக்கிய அதே நொடியில் வண்டி நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன்கள். தள்ளி ஓரம் கட்டினோம். பழைய பெட்ரோல் வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும், இது பழுது அல்ல. இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பம்ப் ஆவியைத்தான் இழுத்து இழுத்து விடுகிறது, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகவில்லை. அத்தான் தோளில் கிடந்த துண்டைக் குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பம்ப்பையும் குழாயையும் சேர்த்துச் சுற்றினார். துண்டிலிருந்து ஆவி எழுந்தது. வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். இரண்டாவது முறை நனைத்த பிறகு தெலுங்கில் ஏதோ சொல்லி, துண்டின் முனையைத் தானே இழுத்துக் குழாய் வளையும் இடத்தில் இறுக்கினார். நாங்கள் விட்ட இடம் அதுதான். அடுத்த சாவித் திருப்பலில் பிடித்துக்கொண்டது. அவர் கடலைக்குக் காசு வாங்கிக்கொண்டார், துண்டுக்கு வாங்கவில்லை.

காசியில் வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டுச் சந்துகளில் நடந்துதான் சத்திரத்துக்குப் போக வேண்டும். கோதௌலியா நெரிசலைத் தாண்டி உள்ளே நுழைந்தால் தமிழ், சாம்பார், தெரிந்த ஊர்ப்பெயர்கள். விசுவநாதர் பூஜைக்கு இங்கிருந்து பொருள்களை ஊர்வலமாகச் சுமந்து போகும் சம்போ இரண்டு நூற்றாண்டாக நடக்கிறது. பால் குடம், வில்வம், மாலை, முன்னால் வழிவிடச் சொல்லிக் குரல். கலவரம் வந்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் நடக்க வேண்டும் என்று முறை வைத்துச் செய்கிற வேலை. சத்திரத்தில் ஒருவர் நாங்கள் வண்டியில் வந்ததைக் கேட்டுவிட்டு, "எத்தனை பங்காளி?" என்றார். "ஐந்து" என்றேன். "ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்களா! அப்படியானால் நேபாளம் ஒன்றுமில்லை" என்றார்.

கோரக்பூர் தாண்டிச் சுனௌலி. எல்லைக்குப் பல கிலோமீட்டர் முன்பே லாரிகள் நின்றுவிடுகின்றன. கார்கள் அவற்றை ஒட்டி நகரலாம். 1950 ஒப்பந்தத்தின்படி இந்தியர்களுக்கு விசா இல்லை, மக்கள் தலையில் மூட்டையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறார்கள். மனிதனுக்குக் கேள்வி இல்லை, வண்டிக்கு உண்டு. அந்தப் பக்கம் பெலஹியாவில் சுங்க அலுவலகத்தில் பன்சார் என்ற அனுமதிச் சீட்டு. எத்தனை நாள் என்று முன்கூட்டியே சொல்லி நாளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். சொன்ன நாளைத் தாண்டினால் அபராதம், ஓராண்டில் மொத்தம் 30 நாள்தான். அதன் பிறகு போக்குவரத்துப் பிரிவில் இன்னொரு சீட்டு, யாதாயாத். இரண்டையும் வழியில் காவலர்கள் கேட்கிறார்கள்.

சன்னலுக்குள் இருந்த இளைஞர் எங்கள் பதிவெண்ணைப் பார்த்துவிட்டு மாநிலம் எங்கே என்றார். இதுதான் முழு எண் என்றேன். நம்பவில்லை. எழுந்து வெளியே வந்து பலகையைப் பார்த்து, ஆர்சியைப் பார்த்து, உள்ளிருந்த மூத்தவரை அழைத்தார். மூத்தவர் வண்டியைக் கண்டதும் காகிதத்தை மறந்துவிட்டார். சீட்டில் உட்கார்ந்து கை கியரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுப் பார்த்தார். அவர் சின்ன வயதில் கோரக்பூரில் டாக்ஸி இதுதானாம். பிறகு தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வழக்கம்போல் தவறான பெட்டி. சுங்கத் துறை ஊழியர் ஒருவர் சீப்புச் சீடையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது எந்த வண்டிக்கு உதிரிபாகம் என்று கேட்டதை ஆச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

சீட்டில் போட்டிருந்த ஆண்டு 2079. நேபாள அரசு விக்ரம நாள்காட்டியில் நடக்கிறது. அத்தான் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "நுழைவதற்குள் ஐம்பத்தாறு வருட வட்டி ஏற்றிவிட்டார்கள்" என்றார். கடிகாரத்தையும் கால்மணி நேரம் தள்ளி வைத்தார். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60, 1993 முதல் மாறாத விகிதம். நாங்கள் போனபோது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகள் அங்கே செல்லாது, அதனால் கட்டுக் கட்டாக நூறு. அத்தானின் கணக்கு நோட்டில் அன்றிலிருந்து இரண்டு பத்தி.

லும்பினியைப் பார்த்துவிட்டுப் புட்வல் வழியாக நாராயண்கட். இந்தச் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாலை என்று சொல்ல ஒன்றுமில்லை, கல்லும் புழுதியும்தான். பட்டை ஸ்பிரிங் வண்டி அதில் மிதந்து போயிற்று. எங்களைத் தாண்டிப் போன புத்தம்புதுக் காரொன்றின் அடிப்பகுதி பாறையில் உரசிய சத்தம் நெஞ்சில் கேட்டது. முக்லிங்வரை திரிசூலி ஆறு கூடவே வரும். மலேகுவில் ஆற்று மீனைப் பொரித்துக் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் சாப்பிட்டேன், அத்தான் தாளும் சோறும்.

காத்மாண்டுவுக்கு முன் நௌபிசேயிலிருந்து நாக்துங்கா கணவாய் ஏற்றம். சரக்கு லாரிகள் முதல் கியரில் ஊர்கின்றன, அவற்றின் பின்னால் நாமும். ஓடுகிற வேகத்தில்தான் ரேடியேட்டருக்குக் காற்று. ஊர்கிற வண்டிக்குக் காற்றில்லை. பாய் பொருத்தித் தந்திருந்த சூடுகாட்டி முள் சிவப்பைத் தொட்டது. ஒதுக்கி, பானெட்டைத் திறந்து, மூடியைத் தொடாமல் காத்திருந்தோம். எங்கள் முன்னும் பின்னும் இதே கோலத்தில் லாரிகள். ஓர் உதவியாளப் பையன் எல்லா வண்டிக்கும் தண்ணீர் விற்றுக்கொண்டு வந்தான். எங்கள் ரேடியேட்டரைத் தட்டிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது, இதற்கு ஒரு பாட்டில் போதும், வீணாக இரண்டு வாங்காதே என்றான். வியாபாரத்தில் தேற மாட்டான் என்றார் அத்தான்.

பசுபதிநாதரை நல்ல தரிசனம். நான்கு முகத்துக்கும் நான்கு வாசல். கருவறையில் பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருபவர்கள். அத்தானுக்குப் பெங்களூரு உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்ட கன்னடம் அங்கே கைகொடுத்தது. கோயிலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

திரும்பும்போது அதே வழியில் வர மனமில்லை. திரிபுவன் ராஜபாதை என்ற பழைய சாலை இருக்கிறது, தாமன் வழியாக ஹெட்டௌடாவுக்கு. 1950களில் இந்திய ராணுவப் பொறியாளர்கள் போட்டுக் கொடுத்தது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கை வெளியுலகத்தோடு இணைத்த முதல் மோட்டார் சாலை அதுதான். ஆனால் அதற்கு முன்பே காத்மாண்டுவில் கார்கள் ஓடின. அன்று நேபாளத்தை ஆண்ட ராணாக்களின் அரண்மனைகளுக்கு உள்ளூரில் சாலை உண்டு, ஊருக்குச் சாலை இல்லை. இந்தியாவிலிருந்து பீம்பேடிவரை வந்த காரின் சக்கரங்களைக் கழற்றி, நீண்ட மூங்கில்களில் கட்டி, பல பத்துப் பேர் தோளில் ஏற்றி மலை மேல் நடந்தார்கள். சந்திரகிரியைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறக்கிச் சக்கரம் மாட்டினால், உள்ளே ஓட்டிக்கொள்ளலாம். பெட்ரோலும் சுமந்தே போக வேண்டும். அந்தப் புகைப்படங்களைப் பார்த்திருக்கிறேன். மூங்கிலுக்கு அடியில் வெறுங்கால்கள் தெரியும், முகங்கள் தெரியாது. அரண்மனையில் யார் அந்தக் காரில் உட்கார்ந்தார் என்பதை எழுதி வைத்தவர்கள், தூக்கி வந்தவர்களில் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. எங்கள் வீட்டுத் தேக்குத் தூண்களும் பள்ளத்தூர்வரை தாமாக நடந்து வரவில்லை என்று அங்கேதான் எனக்குத் தோன்றியது.

சிம்பஞ்சாங் உச்சி 2,488 மீட்டர். மேலே காற்று மெலிந்து பெட்ரோல் கலவை கூடிப்போய் வண்டி கறுப்பாகப் புகைந்தது, இழுவை போயிற்று. கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் திருப்பிச் சமாளித்தோம். ஏற்றம் அல்ல, இறக்கம்தான் பயம். ஹெட்டௌடா 500 மீட்டருக்கும் கீழே. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் உயரத்தை வளைந்து வளைந்து இறங்க வேண்டும். டிரம் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். இரண்டாம் கியரில் போட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும் என்று விட்டு, வளைவுக்கு மட்டும் பிரேக். அப்படியும் பாதி வழியில் கருகல் வாடை. ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றப் போன என்னைக் கடைக்கார அம்மாள் கையைப் பிடித்துத் தடுத்தார். சூட்டில் ஊற்றினால் டிரம் வெடிக்கும் என்று சைகையாலேயே சொன்னார். மலைப்பாதையில் டீக்கடை வைத்திருப்பவருக்குத் தெரியாத பிரேக் இல்லை.

பீர்கஞ்சில் சீட்டைத் திருப்பிக் கொடுத்து ரக்சௌலில் நுழைந்தோம். பீகாரைச் சீக்கிரம் கடந்தோம், சாலை நன்றாக இருந்தது, சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கிழக்குக் கடற்கரை வழியே திரும்பலாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் உத்தர்பாரா. தொழிற்சாலை மூடிய பிறகு அம்பாஸடர் என்ற பெயரைக்கூட 2017இல் 80 கோடி ரூபாய்க்குப் பெஜோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் இன்னும் ஹிந்த் மோட்டார். அதன் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தியதுதான் தாமதம், பெரியவர் ஒருவர் அனுமதி கேட்காமல் பானெட்டைத் திறந்துவிட்டார். தொழிற்சாலையில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தவராம். ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது எங்களுடையது, இது எங்களுடையது, இது இல்லை" என்றார். பம்ப் டூப்ளிகேட். ஹோஸ் பரவாயில்லை. கிங்பின் நல்ல கை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கும் பாயிண்டின் இடைவெளியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டியது, யாரோ குறைவாக வைத்திருக்கிறார்கள் என்றார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் எடுத்துவர அவர் பேரன் வீட்டுக்கு ஓடினான்.

நான் பாய்க்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பாய்க்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் தெரிந்த இந்தி அரைகுறை. ஆனால் எண்கள் புரிந்தன. இங்கே "பந்த்ரா, பந்த்ரா" (பதினைந்து) என்று சத்தம், அங்கே "சௌதா, சௌதா" (பதினான்கு) என்று பதில். பெரியவர் நாங்கள்தான் இதைச் செய்தவர்கள் என்கிறார்; பாய், செய்துவிட்டுப் போய்விட்டீர்கள், ஓட வைத்துக்கொண்டிருப்பது நான் என்கிறார். கடைசியில் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர் தன் கணக்குப்படியே 15 வைத்து மூடினார். சென்னைவரை வண்டி அருமையாக ஓடியது, அதை மறைக்க முடியாது.

காரைக்குடி வந்து சேர்ந்த அன்று பாய் முதலில் எங்களைக்கூட விசாரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி 14க்கு வைத்தார்.